முத்திரை விழாத விண்ணப்பம்

அந்தப் பெண்மணி படியேறி வந்தபோது சூயின் மீன்கஞ்சியில் பாதியைத்தான் முடித்திருந்தாள். மீதி ஆறிப் போகப் போகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. துப்பறியும் லியாவ் அண்ணனிடம் வருகிறவர்கள் இரண்டே ரகம். புருஷனை வேவு பார்க்கச் சொல்ல வருகிறவர்கள் கதவுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பொருளைப் பறிகொடுத்தவர்கள் யோசிப்பதில்லை. இவள் கதவைத் தட்டக்கூட இல்லை.

"எங்க சங்கத்தோட முத்திரை, அந்த சீல் காணாமப் போயிடுச்சு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அது எனக்கு வேணும்" என்றாள், நின்றபடியே.

லியாவ் நாற்காலியைக் காட்டினார். இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யையும் மெய்யையும் பிரித்துக்கொண்டிருந்தவர். தைனான் நகரமே பற்றி எரிந்தாலும் முதலில் உட்காரச் சொல்லித்தான் பேசுவார். அவரிடம் சூயினுக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான். அவரிடம் உதவியாளாகச் சேருவதற்கு முன் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். சிவப்பு விளக்கில் நிற்பதே அவளுக்கு ஒரு தண்டனை.

வந்தவள் பெயர் லோ யுன்ஜு. ஞாபகம் தவறிப்போன முதியவர்களைப் பகல் நேரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'மாலைவெயில்' இல்லத்தின் தலைவி. கட்டிட வாடகை ஏறிவிட்டது. வருடக் கடைசிக்குள் பணம் புரளவில்லை என்றால் இல்லத்தை மூட வேண்டும். கடலம்மா கோயிலின் அறக்கட்டளை வருடத்துக்கு ஒருமுறை நிதியுதவி கொடுக்கிறது. விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள்.

"ரெண்டு மாசமா உக்காந்து தயார் பண்ணின விண்ணப்பம். மூணு பிரதியும் ரெடி. சீல் மட்டும்தான் பாக்கி. பெரிய சீல் என்கிட்ட இருக்கும், சின்ன சீல் கணக்கர் பான்கிட்ட இருக்கும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாதுன்னு வழக்கம். காலையில பெரிய சீலையும் மைப்பசை டப்பாவையும் எடுத்து மேஜை மேல வெச்சேன். அந்த நேரம் பார்த்து வேன் வந்துடுச்சு. ஒரு அம்மா இறங்க மாட்டேன்னு அடம். நான் கீழ போயிட்டு வந்து பார்த்தா டப்பா இருக்கு, சீல் இல்ல."

"புதுசா ஒண்ணு செஞ்சுக்க வேண்டியதுதானே?" என்றாள் சூயின்.

"செய்யறதுக்கு அரை மணி நேரம் போதும். அதை நகராட்சியில பதிவு பண்ணறதுக்குப் பத்து நாளாகும். பதிவு இல்லாத சீலைக் கோயில்ல தொடக்கூட மாட்டாங்க." யுன்ஜு கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "முப்பது பேர் சார். முப்பது பேருக்கும் எங்களை விட்டா வேற போக்கிடம் கிடையாது."

லியாவ் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். சூயின் கஞ்சியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

வெளியே காற்று ஒரு தினுசாக இருந்தது. புயல் நாளைக் காலையில் கரை தொடும் என்று சொல்லியிருந்தார்கள். கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்தபடி நடந்தார்கள். நகராட்சி எப்போது லீவு அறிவிக்கும் என்று ஊரே காத்திருந்தது. லீவு வந்துவிடுமோ என்று பயந்தது யுன்ஜு ஒருத்திதான். பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள்.

சூயினின் காரில் முகப்புப் பலகை மேல் பச்சை நிறத்தில் ஒரு சோளப்பொரிப் பொட்டலம் ஒட்டியிருந்தது. லியாவ் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னும் இந்தக் கூத்தை விடலையா நீ?"

"சும்மா இருங்கண்ணே. இது இருக்கறதாலதான் இந்த ஓட்டை வண்டி ஒழுங்கா ஓடுது. பச்சைப் பொட்டலம் வெச்சா மெஷின் சமத்தா இருக்கும். மஞ்சள் வெச்சீங்க, நடுரோட்டுல படுத்துக்கும்."

"பசி எடுத்தா பிரிச்சுத் திங்கலாமா?"

"பிரிச்சா அவ்வளவுதான், வண்டி கோவிச்சுக்கும். தேதியும் தாண்டக் கூடாது. போன வாரம் பழசுக்குத் தேதி முடிஞ்சுது. அதை எடுத்துட்டுத்தான் புதுசு வெச்சேன். எடுத்ததைத் தின்னுடலாம், அதுல தப்பில்ல."

"எங்க பிரிண்டர் மேலயும் ஒண்ணு இருக்கு" என்று பின்னாலிருந்து யுன்ஜு சொன்னாள். அவளும் அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். "வென்ச்சி வெச்சது. எங்க சமூகப் பணியாளர். யாரையும் அது பக்கத்துல அண்ட விடமாட்டா."

மாலைவெயில் இல்லம் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருந்தது. கூடத்தில் முதியவர்கள் விளையாட்டுக் கட்டைகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார்கள். கூடத்தின் ஓரத்திலேயே கதவில்லாத அலுவலக அறை. அந்த வாசலில் நாற்காலி போட்டுக் கணக்கர் பான் காவல் காத்தார். அறுபதை நெருங்கிய ஆள். முகத்தை உர்ரென்று வைத்திருந்தார்.

"ஒரு துரும்பு வெளிய போக விடலை" என்றார் லியாவிடம். "என் பையையும் கொட்டிப் பார்த்துட்டாங்க. இருபத்தோரு வருஷ சர்வீஸுக்கு நல்ல மரியாதை."

"எல்லார் பையையும்தான் பார்த்தேன் பான் அண்ணே" என்றாள் யுன்ஜு. "காணோம்னு தெரிஞ்ச உடனேயே, யாரும் இருந்த இடத்தை விட்டு நகரறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன் சார். என்னோட சேர்த்து நாலு பேர்தான் வேலைக்கு. நான், பான் அண்ணன், வென்ச்சி, சமையல் சாய் அக்கா."

"அப்புறம் ஆகுன் தாத்தா" என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல். சாய் அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எல்லாரும் மனசுல நினைக்கறதை நான் சொல்லிடறேன். அவர் பாக்கெட்ல என்னிக்கும் என்னோட நாலு ஸ்பூன் இருக்கும்."

கூடத்தின் ஜன்னலோரம் தனி மேஜையில் ஒல்லியாக ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. காலையில் அவருடைய சட்டைப்பையையும் கால்சட்டைப் பையையும் துழாவியிருக்கிறார்கள். அவர் குழந்தைபோல் அழுதிருக்கிறார். வாழ்நாள் முழுக்கத் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியவராம். இப்போது ஒரு பாட்டில் மூடியைச் சோயா சாற்றில் தோய்த்துத் தோய்த்து, கையில் அகப்பட்ட காகிதத்தில் எல்லாம் குத்திக்கொண்டிருந்தார். மேஜை, சுவர், பக்கத்து நாற்காலியில் தூங்கிய அம்மாளின் முழங்கை, எங்கும் பழுப்பு வட்டங்கள். சூயின் கிட்டே போனதும் அவள் புறங்கையை இழுத்து அதிலும் ஒன்று குத்தினார்.

"போயிட்டு வா" என்றார், தபாலை அனுப்புகிறவர் மாதிரி.

"தாத்தாதான் எடுத்திருக்கணும். எங்கேயோ ஒளிச்சு வெச்சுட்டு மறந்துட்டார்" என்றாள் யுன்ஜு தாழ்ந்த குரலில். "அப்படின்னா அவர் மகளைக் கூப்பிட்டுத்தான் ஆகணும். இனிமே அவரை இங்க வெச்சுக்க முடியாது. அந்தப் பொண்ணு ரெண்டு வேலை பார்க்குது. வீட்டுல வெச்சுப் பூட்டிட்டுத்தான் போகும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லியாவ் கிழவரின் மேஜையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலுவலக அறைக்குள் போய் அங்கேயும் அதே நிதானத்தோடு பார்க்க ஆரம்பித்தார். சூயினுக்குக் கை பரபரத்தது. அவள் இழுப்பறைகளைத் திறந்தாள், அலமாரிக்குப் பின்னால் கைவிட்டாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். புதிதாகப் பிரித்த காகிதக் கட்டின் உறை ஒன்று விழுந்தது. மேஜை மேல் மூன்று பிரதிகளும் கயிறு கோத்துத் தடித்தடியாகத் தயாராக இருந்தன. பக்கத்தில் சிவப்பு மைப்பசை டப்பா திறந்தபடி கிடந்தது.

மூலையில் பெரிய பிரிண்டர். அதன் முன் வென்ச்சி நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். தூக்கமில்லாத முகம்.

"காலையில இருந்து மக்கர் பண்ணுது. பேப்பர் சிக்கிச்சு. இப்ப சரியாயிடுச்சு" என்றாள், யாரும் கேட்காமலே.

பிரிண்டர் தலையில் இரண்டு பச்சைப் பொட்டலங்கள் தோளோடு தோள் சாய்ந்து நின்றன. சூயின் அவற்றுக்கு ஒரு சின்னக் கும்பிடு போட்டாள். பிரிண்டரின் காலோரமாக எறும்புகள் வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தன. இரண்டை நசுக்கிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

"உங்க ஆபீஸ்ல எறும்பு மேயுது அக்கா."

"ஆகுன் தாத்தா பிஸ்கட்டைக் கொண்டுபோய் எங்கயாவது திணிச்சிருப்பார்" என்றாள் சாய் அக்கா. "நேத்து வரைக்கும் எறும்பு இல்ல."

சமையலறைச் சுவரில் கொக்கிகளில் பீங்கான் குவளைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு சின்னப் படம். சும்மா நிற்க முடியாமல் சூயின் எண்ணினாள். இருபத்தாறு. மேல் தட்டில் இன்னும் நான்கு, கவிழ்த்தபடி.

"அது ஏன் தனியா இருக்கு?"

சாய் அக்கா மேல் தட்டை நிமிர்ந்து பார்த்தாள். "அது போனவங்களோடது. இந்த வருஷம் நாலு பேர். தூக்கிப் போட மனசு வரலை" என்றாள். பிறகு கஞ்சிப் பானையைக் கிளறப் போய்விட்டாள்.

சூயின் மூச்சு வாங்க லியாவிடம் வந்தாள். "கண்டுபிடிச்சுட்டேன்ணே. கோயில் உதவிக்குப் போட்டி போடற இன்னொரு சங்கம் யாராவது ஆள் விட்டிருக்கணும். கீழ துணிக்கடை வழியா ஏறி வந்து..."

"வந்த ஆள் டப்பாவை விட்டுட்டுச் சீலை மட்டும் எடுத்துக்கிட்டு, இத்தனை பேர் நடுவுல நடந்து போனானா?"

"அப்ப பான். சின்ன சீலும் அவர்கிட்ட இருக்கு. ரெண்டும் சேர்ந்துதுன்னா பாங்க்ல பணம் எடுத்துடலாம்."

"நல்ல யோசனை. பாங்க்ல பணம் இருந்தா" என்றார் லியாவ். பிறகு, "சமையலறையில என்ன பார்த்தே?" என்று கேட்டார். அவள் சொன்னாள். குவளைக் கணக்கைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் வாடியதை அவள் கவனித்தாள். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

இரண்டே முக்காலுக்கு எல்லாருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. புயல் வேகம் பிடித்துவிட்டது. நான்கு மணியோடு அலுவலகங்கள் மூடும் என்று நகராட்சி அறிவித்துவிட்டது. யுன்ஜு அறக்கட்டளைக்குப் போன் போட்டாள். பேசி முடித்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

"நாலு மணிக்குக் கவுண்டரை மூடறாங்களாம். நாளைக்கு வாங்கிக்குவீங்களான்னு கேட்டேன். நாளைக்குக் காலையில விண்ணப்பங்களைக் கடலம்மா முன்னாடி பீடத்துல வெச்சுப் பெயரெல்லாம் படிக்கறாங்களாம். நல்ல நாள் பார்த்து வெச்சதாம், புயலுக்காகச் சாமி நாளை மாத்தாதுன்னு சொல்லிட்டாங்க."

காற்றில் ஜன்னல் ஒன்று அடித்துக்கொண்டது. முதியவர்களில் ஒருத்தி வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று சொல்ல ஆரம்பித்தாள். சூயினுக்கும் அதையேதான் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் இப்படி வாங்க" என்றார் லியாவ்.

அலுவலக அறைக்குள் ஆறு பேர் நிற்க இடம் போதவில்லை. பான் கையைக் கட்டிக்கொண்டார். சாய் அக்கா கரண்டியை இன்னும் விடவில்லை. வென்ச்சி பிரிண்டருக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

"முதல்ல ஆகுன் தாத்தா. அவர் எடுக்கலை" என்றார் லியாவ். "பாட்டில் மூடி கிடைச்சதுக்கே சுவர் வரைக்கும் குத்தியிருக்கார். நிஜ சீலும் சிவப்பு மையும் பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கு. அவர் கையில அது கிடைச்சிருந்தா இந்நேரம் இந்த மாடி முழுக்கச் சிவப்பா இருந்திருக்கும். எங்க தேடியும் ஒரு சிவப்புப் பொட்டு இல்லை. அவர் சட்டையிலயும் இல்லை."

யுன்ஜு கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கிழவர் ஒரு கைக்குட்டையில் மும்முரமாகக் குத்திக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்து, சீல் வெளிய போகலை. பைகளை உடனே பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் பான் சார் வாசல்ல உக்காந்துட்டார். அதனால எடுத்தவங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைச்சிருக்கு. கைக்கு எட்டின இடத்துல, யாரும் தொடாத இடத்துல போட்டிருக்கணும்." அவர் பான் பக்கம் திரும்பினார். "பான் சார், பிரிண்டர் மேல எப்பவும் எத்தனை பொட்டலம் இருக்கும்?"

"ஒண்ணு. இன்னைக்கு மெஷின் சண்டித்தனம் பண்ணுச்சுன்னு வென்ச்சி தெருமுனைக் கடைக்குப் போய் இன்னொண்ணு வாங்கிட்டு வந்து வெச்சா. போறப்பவும் பையைச் சோதிச்சுத்தான் விட்டேன். அதுல என்ன?"

"சூயின், உன் வண்டியில புதுசு வெக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணினே?"

"பழசை எடுத்தேன்" என்றாள் சூயின். சொல்லும்போதே அவள் பிரிண்டர் பக்கம் திரும்பினாள்.

"இங்க பழசை எடுக்கலை. தேதி முடிஞ்சிடுச்சோன்னு பார்த்தேன். இன்னும் நாலு மாசம் இருக்கு. நல்ல பொட்டலம், தேதியும் நல்ல தேதி. அப்ப எதுக்கு ரெண்டாவது? பழசு இனிமே பலிக்காதுன்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு. பிரிச்ச பொட்டலம் பலிக்காதுன்னு நீதானே சொன்னே? நேத்து வரைக்கும் இல்லாத எறும்பு இன்னைக்கு வந்திருக்கு. என்னை மாதிரி நம்பாத ஆளா இருந்தா பிரிச்சு உள்ள போட்டுட்டுப் பேசாம போயிருப்பான். பிரிச்சதுக்காகப் பயந்து போய், மெஷின்கிட்ட மன்னிப்பு கேக்கற மாதிரி இன்னொண்ணு வாங்கி வெச்சிருக்காங்க. எடுத்துப் பாரு சூயின்."

சூயின் கையை நீட்டினாள், பின்வாங்கினாள். "நீங்களே எடுங்கண்ணே. எனக்கு வண்டி ஓட்டற பொழப்பு."

லியாவ் பின்னால் இருந்த பொட்டலத்தைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த செலோடேப் பிரிந்து சோளப்பொரி மேஜையில் கொட்டியது. எறும்புகள் சிதறின. அதற்கு நடுவே, சர்க்கரைத்தூள் அப்பிக்கொண்டு, சதுர மரச் சீல் விழுந்தது.

"அடிப் பாவி" என்றாள் சாய் அக்கா மெதுவாக.

யுன்ஜு வென்ச்சியின் தோளைப் பிடித்தாள். "ஏன்? என்னத்துக்குடி? இந்த இடம் மூடிப் போனா உனக்கு என்ன கிடைக்கப் போகுது?"

வென்ச்சியின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அவள் பானின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லத்தை மூடணும்னு நினைச்சிருந்தா சீலைக் கடாசியிருப்பா. ஜன்னல் பக்கத்துலதான் இருக்கு" என்றார் லியாவ். "ஒளிச்சு வெச்சா, அதோட மெஷின் நல்லா ஓடணும்னும் ஆசைப்பட்டா. மூணு பிரதியும் நேத்தே தயார். இன்னைக்கு ஒரு புதுக் காகிதக் கட்டு தீர்ந்திருக்கு. என்னத்தை அச்சடிச்சா? அதை வென்ச்சி சொல்ல வேண்டாம். யுன்ஜு அம்மா, நீங்க சொல்லுங்க. இந்த விண்ணப்பத்துல எத்தனை பேர் எழுதியிருக்கீங்க?"

"முப்பது" என்றாள் யுன்ஜு.

"சமையலறையில இருபத்தாறு குவளைதான் தொங்குது."

கூடத்தில் கிழவரின் பாட்டில் மூடி மட்டும் டொக், டொக் என்று கேட்டது. முதலில் புரிந்துகொண்டது பான்தான். அவர் போய் மேல் பிரதியை எடுத்தார். பெயர்ப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது.

"எங்க அண்ணன்" என்றார்.

அவருடைய அண்ணன் மூன்று வருடம் இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சித்திரையில் போனார். அதை யுன்ஜுதான் பிறகு சூயினுக்குச் சொன்னாள்.

"எங்க அண்ணனை உயிரோட இருக்கற மாதிரி எழுதி, என் கையாலயே சின்ன சீலை வெக்கச் சொல்லி, அதைக் கடலம்மா முன்னாடி படிக்க விடலாம்னு இருந்தீங்களா?" பான் குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் தேவலை என்று சூயினுக்குத் தோன்றியது.

"நான் எழுதினப்ப இருபத்தாறுதான் இருந்துச்சு" என்றாள் வென்ச்சி. "காலையில ஓரத்துல சீல் வெக்கறதுக்காகப் பக்கத்தைப் புரட்டினேன். நாலு பேர் கூட இருந்தாங்க. பான் அண்ணன் இப்ப வந்து குத்தப் போறார்னு நினைச்சதும் கை தானா சீலை எடுத்துடுச்சு. யுன்ஜு அக்காகிட்டத் தனியா பேசலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பையைக் கொட்டுன்னாங்க, பயந்துட்டேன். அப்புறம் அவங்க உங்களைக் கூட்டிட்டு வரப் போயிட்டாங்க. தாத்தா அழுதப்பவே சொல்லியிருக்கணும். அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு."

யுன்ஜு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. "முப்பது பேருக்குக் குறைஞ்சா முழு உதவி கிடையாதுன்னு விதி. நாலு பேர் குறைஞ்சுது. அவங்க போனதுக்கு நான் அழுதேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி, இன்னும் கொஞ்ச மாசம் இருந்திருக்கக் கூடாதான்னு நினைச்சேன். என்ன மனுஷி நான். பேரைத் தட்டி எழுதறப்ப அவங்களும் இதுக்கு ஒத்துக்குவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." அவள் பான் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட மன்னிப்பு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை."

பான் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் சூயின் நினைத்தாள். அவர் சமையலறைக்குப் போய், மேல் தட்டிலிருந்து ஒரு குவளையை எடுத்து, சட்டையால் துடைத்து, கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணே காலாச்சு. வென்ச்சி, நீ அச்சடிச்சது எங்க?"

வென்ச்சி தன் இழுப்பறையில் கம்பளிச் சட்டைக்கு அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்தாள். "இதுல இருபத்தாறு பேர்தான் இருக்காங்க. சின்னக் குழுக்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. அதுல போட்டிருக்கேன். பாதிதான் கிடைக்கும். அதுவும் நிச்சயமில்ல."

"பாதியில என்ன பண்றது?" என்றாள் யுன்ஜு.

"மேல் மாடியை விட்டுடலாம்" என்றாள் சாய் அக்கா. "நெருக்கி உக்காந்தா என்ன, செத்தா போயிடுவோம்?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பானுடைய முகத்தில்கூட லேசாக ஏதோ நெகிழ்ந்தது.

யுன்ஜு பழைய பிரதிகளை மூன்றையும் எடுத்துக் குறுக்கே கிழிக்கப் பார்த்தாள். தடிமனாக இருந்ததால் கிழியவில்லை. சூயின் வாங்கிக் கிழித்துக் கொடுத்தாள். மனசுக்கு அது ரொம்ப இதமாக இருந்தது.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. பக்கமும் அடுத்த பக்கமும் சேரும் ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு சீலும் பாதிப் பாதியாக விழ வேண்டும். நடுவில் ஒரு தாளை மாற்றி வைத்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு முறை. யுன்ஜு சீலைத் துடைத்து மையில் தோய்த்தாள். அவசரத்தில் முதல் முத்திரையே இழுபட்டது. வென்ச்சி குத்தியது கோணியது. பான் தன் அண்ணன் பெயர் இல்லாத பட்டியலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார், அவர் கை எழவில்லை.

"தள்ளு" என்றது ஒரு குரல்.

ஆகுன் தாத்தா எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. வென்ச்சியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து சாய் அக்காவின் ஸ்பூன் ஒன்றை எடுத்து, தாள் பறக்காமல் அதன் மேல் வைத்தார். வலது கையில் பெரிய சீல், இடது கையில் சின்ன சீல். டொக், டொக், புரட்டு. டொக், டொக், புரட்டு. ஒன்றுகூட விளிம்பை விட்டு நகரவில்லை. வரிசையில் நிற்கும் ஜனங்களைப் பார்க்கிற மாதிரி நடுநடுவே நிமிர்ந்து, "இருங்க, வந்துட்டேன்" என்றார். காலையில் அவருடைய பையைத் துழாவிய யுன்ஜு, பக்கத்தில் நின்று ஒவ்வொரு பக்கமாக ஊதி மையை உலர்த்திக் கொடுத்தாள். அவள் கண்ணீர் தாளில் விழாமல் இருக்கச் சூயின் கைக்குட்டை கொடுத்தாள்.

மூன்றாவது பிரதி முடிந்தபோது நான்கடிக்கப் பதினைந்து நிமிடம் இருந்தது. கிழவர் சீலைத் தரமாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாதாட நேரமில்லை. யுன்ஜுவோடு அவரையும் சேர்த்தே காரில் ஏற்றினார்கள்.

சூயின் அந்த ஓட்டத்தை வாழ்நாளில் மறக்க மாட்டாள். மழை பக்கவாட்டில் அடித்தது. வீட்டுக்கு ஓடும் ஸ்கூட்டர்கள் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. லியாவ் முன்சீட்டில் உட்கார்ந்து, பிரிந்த பொட்டலத்தில் மிச்சமிருந்த சோளப்பொரியை எறும்பை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

"சாமி குத்தமாயிடும்ணே" என்றாள் சூயின், ஒரு பேருந்தை முந்திக்கொண்டே.

"நான் ஒண்ணும் மெஷினை வெச்சுப் பொழைக்கலையே" என்றார் அவர். பிறகு பின்சீட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "அந்த அம்மா என்கிட்ட முப்பதுன்னு சொன்னப்ப கைப்பை வாரை முறுக்கினாங்க, பார்த்தியா?"

"கவனிச்சிருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அப்ப சொல்லியிருந்தா கஞ்சியைக் குடிச்சு முடிச்சிருப்பே, அவ்வளவுதான். இவங்க எல்லாரும் ஒண்ணா சேர்ந்து நின்னிருக்க மாட்டாங்க."

கோயிலின் பின்கட்டில் கவுண்டர் பெண் பாதிக் கதவை இறக்கிவிட்டிருந்தாள். யுன்ஜு குனிந்து கதவுக்கு அடியிலேயே விண்ணப்பத்தை நீட்டினாள். அந்தப் பெண் பெருமூச்சு விட்டுக் கதவை ஏற்றினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட வேகம் குறைந்தது.

"சின்னக் குழுப் பிரிவா?"

"ஆமா. இருபத்தாறு பேர்" என்றாள் யுன்ஜு. அதைச் சொல்லும்போது அவள் கை வாரைத் தேடவில்லை.

"சீல் யாரு வெச்சது? இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல" என்றபடி அந்தப் பெண் பெற்றுக்கொண்டதற்கான சீட்டை எடுத்தாள். தேதி முத்திரையை அவசரமாக ஒரு குத்துக் குத்தி நீட்டினாள். "பதில் அடுத்த மாசம் வரும். வீட்டுக்குப் போங்க, புயல் வருது."

யுன்ஜு வாங்குவதற்குள் ஆகுன் தாத்தா சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் திரும்பக் கவுண்டரில் வைத்தார்.

"சாய்ஞ்சிருக்கு" என்றார். "மறுபடி குத்து."

கவுண்டர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். விண்ணப்பத்தில் இருந்த முத்திரைகளைப் பார்த்தாள். வேறு ஒரு சீட்டை எடுத்து நேராக வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நிதானமாகக் குத்தினாள். கிழவர் அதைக் கொஞ்ச நேரம் சோதித்தார். சரி என்று தலையசைத்துவிட்டு, இறுகப் பிடித்திருந்த சீலை யுன்ஜுவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டார்.